டோரிஸும் மரக்கட்டையும்

டோரிஸ் என்றதும் யாரோ ஒரு பெரியம்மா என்று நினைத்துவிட வேண்டாம். டோரிஸ் ஒரு பஸ். அறுபத்து நான்காம் வருஷத்துப் பள்ளிக்கூட பஸ். இருக்கைகளையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, கட்டில், அடுப்பு, அலமாரி, மழைக்காலத்துக்கு ஒரு விறகுக் கணப்பு என்று வைத்து, நோலீனும் க்ளைவும் பதினோரு வருஷமாக அதில்தான் குடித்தனம் நடத்துகிறார்கள். குளிரில் நெல்சன் நகரத்துப் பக்கம், கோடையில் எந்தக் கடற்கரை காலியாக இருக்கிறதோ அந்தக் கடற்கரை. வேறு வீடும் இல்லை, காரும் இல்லை.

ஓட்டுவது நோலீன். முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள், அறுபத்தாறு வயதிலும் ஸ்டீயரிங்கை இன்னொருவர் தொட விடமாட்டாள். சமையல் க்ளைவுடையது. டோரிஸின் எஞ்சின் டிரைவருக்குப் பக்கத்திலேயே, வண்டிக்குள்ளே, இரும்பு மூடி போட்டு உட்கார்ந்திருக்கும். ஓடும்போது அந்த மூடி சுடும். காலையில் க்ளைவ் ரொட்டி மாவைப் பிசைந்து, கிண்ணத்தை ஈரத்துணியால் மூடி அதன்மேல் வைத்தால் மதியத்துக்குள் மாவு இரண்டு பங்காகப் பொங்கியிருக்கும். அதில் அவருக்கு ஏக பெருமை.

க்ளைவுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அது கட்டை வேலை. ஏற்றத்தில் நின்றுவிட்டால் டோரிஸின் பழைய பெட்ரோல் எஞ்சினுக்கு மூச்சு வாங்கும், கைபிரேக்கையும் நம்ப முடியாது. க்ளைவ் இருக்கைக்கு அடியில் கிடக்கும் மரக்கட்டையை எடுத்துக்கொண்டு குதித்து, பின்சக்கரத்துக்கு அண்டக் கொடுப்பார். நோலீன் எஞ்சினை அலறவிட்டு வண்டியை நகர்த்துவாள். நகர்ந்ததும் அவர் கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, ஓடுகிற வண்டியில் தொற்றிக்கொள்ள வேண்டும். ஐம்பத்தேழு வயதில் அது விளையாட்டு. அறுபத்தெட்டு வயதில், வலது முழங்காலை வைத்துக்கொண்டு, அது தண்டனை.

போன குளிர்காலத்தில் ஒருநாள் தேநீர் குடித்துக்கொண்டே க்ளைவ் சொல்லிவிட்டார்.

"இனிமே என்னால ஓட முடியாது நோலீன். ரிச்மண்ட்ல பெவர்லி வீட்டை ஒட்டி ஒரு சின்ன வீடு, அந்த யூனிட் காலியாகுதாம். டோரிஸை வித்துட்டு அங்க போயிடலாம்."

பெவர்லி அவருடைய தங்கை. சோபாவுக்கு பிளாஸ்டிக் உறை போட்டு, அந்த உறையின்மேல் இன்னொரு துணி போடுகிற ரகம். நோலீன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். அந்த யூனிட்டுக்கு ஒரே ஒரு ஜன்னல், அதுவும் பெவர்லியின் துணி உலர்த்தும் கொடியைப் பார்த்தபடி இருப்பது அவளுக்குத் தெரியும்.

"முழங்காலுக்காக வீட்டை விப்பாங்களா? எஞ்சினை மாத்திடறேன். டீசல் போட்டா நீ இறங்கவே வேணாம்."

"எந்த எஞ்சின் போட்டாலும் டோரிஸ் டோரிஸ்தான்."

"பந்தயமா?"

இந்த இரண்டு பேரும் ஒருகாலத்தில் கல்யாணத் தேதியையே சீட்டாட்டத்தில் முடிவு செய்தவர்கள். க்ளைவ் கையை நீட்டினார். கிறிஸ்துமஸுக்கு டக்காக்கா மலை ஏற வேண்டும். மலைக்கு அந்தப்புறம் காலிங்வுட்டில் இருக்கும் மகள் டிரீனாவுக்கு ஜனவரியில் பிரசவம். வருஷா வருஷம் அவள்தான் இந்தப்புறம் வருவாள், டோரிஸுக்கு அந்த மலை ஆகாது, முன்பு இரண்டு தடவை முயன்று பாதியில் கொதித்து நின்றதோடு சரி. இந்தத் தடவை, "நான் வர முடியாதும்மா, நீங்கதான் வரணும்" என்று சொல்லிவிட்டாள்.

"மலை உச்சிக்குப் போறதுக்குள்ள ஒரே ஒரு தடவை நான் கட்டையோட இறங்கினாலும் யூனிட்தான்," என்றார் க்ளைவ்.

"சரி," என்றாள் நோலீன்.

மோட்டுவேகா பக்கம் டாமாட்டி என்று ஒரு மெக்கானிக். நாற்பத்தைந்து வயதில் கதவை மறைக்கிற உருவம். ஆறாம் வகுப்பில் ஆரஞ்சுப்பழம் எறிந்ததற்காக நோலீன் அவனைப் பாதி வழியில் இறக்கிவிட்டிருக்கிறாள், அதை இன்றுவரை ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

"ஆன்ட்டி, ஒரு ஜப்பான் லாரியோட ஆறு சிலிண்டர் டீசல் வெச்சிருக்கேன். லாரி கவுந்துடுச்சு, எஞ்சினுக்கு ஒரு கீறல் இல்ல. ஆனா நீங்களும் கைல கிரீஸ் பூசிக்கணும். ஆரஞ்சுக்கு அதுதான் பழி."

அவனுடைய கொட்டகையில் மூன்று வாரம் வேலை நடந்தது. பழைய எஞ்சினைச் சங்கிலியில் தூக்கி வெளியே எடுத்தபோது க்ளைவ் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். புது எஞ்சின் பழையதைவிட ஒரு சாண் நீளம் அதிகம், அதனால் தாங்கிகளை வெட்டி மறுபடி பற்றவைத்தார்கள். இரும்பு மூடியை உயர்த்தினார்கள். பெட்ரோல் எஞ்சின் உறிஞ்சுகிற காற்றில்தான் பிரேக்குக்குப் பலம் கிடைத்தது, டீசலில் அது கிடையாது என்று அதற்குத் தனி பம்ப் வைத்தார்கள். சான்று கொடுக்கிற அதிகாரி வந்து வண்டிக்கு அடியில் ஒரு மணி நேரம் படுத்திருந்துவிட்டு, தகடு அடித்துக் கொடுத்துப் போனார்.

முதல் ஓட்டத்துக்கு நோலீன் உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு வந்தாள். சமதரையில், மிதியைத் தரையோடு தரையாக அழுத்தி, டோரிஸ் போன வேகம் அறுபத்தைந்து. முள் அதற்குமேல் ஒரு மயிரிழை நகரவில்லை. ஆப்பிள் ஏற்றிய டிராக்டர் ஒன்று பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

"நல்லா இருக்கு," என்றார் க்ளைவ். "கலப்பை மாட்டினா உழவே உழுதுடலாம். மூடிய தொட்டுப் பாரு, ஐஸ் மாதிரி இருக்கு. என் மாவு பொங்கவே இல்ல."

நோலீனுக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. டாமாட்டிக்கு முகம் தொங்கிவிட்டது. டீசல் எஞ்சின் நிதானமாகச் சுற்றுகிற ஜாதி. பின் அச்சில் இருந்ததோ வேகமாகச் சுற்றுகிற பெட்ரோல் எஞ்சினுக்கு வைத்த பல்சக்கரம். எஞ்சினை மாற்றுகிற மும்முரத்தில் இரண்டு பேருமே பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

நான்கு நாள் அலைந்து, பழைய சுற்றுலா பஸ் ஒன்றின் பின் அச்சைக் கொண்டுவந்து மாட்டினார்கள். டோரிஸ் தொண்ணூறு போனாள். முன்பு நூறு கிலோமீட்டருக்கு முப்பத்தெட்டு லிட்டர் பெட்ரோல் குடித்தவள், இப்போது இருபது லிட்டர் டீசலில் திருப்தியாகிவிட்டாள்.

"ஆனா ஒண்ணு ஆன்ட்டி," என்றான் டாமாட்டி, கையைத் துடைத்துக்கொண்டு. "இந்தப் பல்லு ஓட்டத்துக்கு நல்லது. ஏத்தத்துல நின்னு கெளம்பணும்னா கொஞ்சம் திணறும். மலைல நிக்காம போயிடுங்க."

நோலீன் அதைக் க்ளைவிடம் சொல்லவில்லை.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, காலை பத்து மணிக்கு டோரிஸ் மலையில் கால் வைத்தாள். க்ளைவ் வழக்கம்போல மாவுக் கிண்ணத்தை மூடியின்மேல் வைத்துவிட்டு, ஜெயித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். வளைவுக்கு மேல் வளைவு. போன தடவை கொதித்து நின்ற இடத்தைக் கடந்தார்கள். அதற்கு முந்தின தடவை கொதித்து நின்ற இடத்தையும் கடந்தார்கள். சூட்டு முள் தூங்கிக்கொண்டிருந்தது. எஞ்சின் அடித்தொண்டையில் முனகிக்கொண்டே ஏறியது. க்ளைவின் முகத்தில் அந்த ஜெயித்த களை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

நோலீன் கண்ணாடியைப் பார்த்தாள். பின்னால் ஒரு வண்டி. அடுத்த வளைவில் மூன்று. அதற்கடுத்த வளைவில், படகு இழுத்துக்கொண்டு வந்த ஒருவனையும் சேர்த்து, ஒன்பது.

மெதுவாகப் போகிறவன் ஒதுங்கி வழிவிட வேண்டும். எங்கள் ஊரில் இதற்குச் சட்டம் தேவையில்லை. ஒதுங்காதவனைப் பற்றி அன்று சாயங்காலம் ஊர் மதுக்கடையில் என்ன பேசுவார்கள் என்பதே போதும். முப்பது வருஷமும் ஒதுங்கியவள் நோலீன். ஒதுங்காத வேன்காரர்களை ஜன்னலைத் திறந்து திட்டியவளும் அவள்தான். இடப்பக்கம் ஒதுங்குமிடம் வந்துகொண்டிருந்தது, மலையிலேயே செங்குத்தான துண்டில்.

"உச்சிக்கு இன்னும் மூணே வளைவு," என்றார் க்ளைவ்.

"தெரியும்."

"ஒதுங்காம போயிடு நோலீன். ஒரு நாள்தானே. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

நோலீன் அவரைத் திரும்பிப் பார்த்தாள். தோற்கப் போகிறவர் சொல்கிற வார்த்தையா இது? ஆனால் கை ஏற்கெனவே சமிக்ஞை விளக்கைப் போட்டுவிட்டது.

"பின்னாடி ஒன்பது வண்டி க்ளைவ். அதுல எத்தனை குழந்தைங்க வாந்தி எடுத்துட்டு இருக்கோ," என்று சொல்லி ஒதுக்கி நிறுத்தினாள்.

ஒவ்வொரு வண்டியாக ஹாரன் தட்டி நன்றி சொல்லிவிட்டுப் போயிற்று. பதினோரு வருஷப் பழக்கம் லேசுப்பட்டதா? க்ளைவின் கை தானாக இருக்கைக்கு அடியில் போனது, கால் தானாகக் கீழே இறங்கியது. கட்டையோடு நொண்டி நொண்டிப் பின்சக்கரத்துக்குப் போனார். கடைசி வண்டி தாண்டியதும் நோலீனின் கால்களும் தம் பழக்கப்படி கிளட்சை விட்டன. டோரிஸ் ஒரு குலுக்கு குலுக்கினாள். அவ்வளவுதான். அப்புறம் பால்மாடு எழுந்திருக்கிற மாதிரி நிதானமாக நகர்ந்து, ஏற ஆரம்பித்துவிட்டாள்.

கண்ணாடியில் க்ளைவ் தெரிந்தார். பாதி குனிந்தபடி, இரண்டு கையிலும் கட்டை. வாய் திறந்திருந்தது. அவர் சின்னதாகிக்கொண்டே போய் வளைவில் மறைந்தார்.

நிறுத்த நோலீனுக்குத் தைரியம் வரவில்லை. மூன்று வளைவையும் சத்தமாகப் பாடிக்கொண்டே ஏறினாள், அவ்வளவு சந்தோஷம். உச்சியில், புல்லுக்கு நடுவே வெள்ளைப் பாறைகள் துருத்திக்கொண்டிருக்கும் சமதரையில் நிறுத்திக் கைபிரேக்கை இழுத்தபோதுதான் பந்தயம் ஞாபகம் வந்தது. அவர் கட்டையோடு இறங்கிவிட்டார். அவளே நிறுத்தினாள், அவளே இறங்க வைத்தாள். இத்தனை கிரீஸும் இத்தனை அலைச்சலும் பெவர்லியின் துணிக்கொடியைப் பார்க்கத்தானா? தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, அடுப்புக்கு முன்னால் நின்று அழுதாள்.

கால் மணி நேரத்தில் தபால் வேன் ஒன்று வந்து நின்றது. க்ளைவ் இறங்கினார். வேன் ஓட்டிவந்த பெண் சிரிப்பை அடக்க முடியாமல் கையை ஆட்டிவிட்டுப் போனாள். க்ளைவின் இரண்டு கையும் காலியாக இருந்தன.

"கட்டை எங்க?" என்றாள் நோலீன்.

"அங்கயே போட்டுட்டேன். தேவைப்படறவன் எவனாவது எடுத்துக்கட்டும்."

"நீ இறங்கிட்ட க்ளைவ். பந்தயம்னா பந்தயம்தான்."

"இறங்கினது கட்டை வைக்க. நான் குனியறதுக்குள்ள சக்கரத்தைக் காணோம்." அவர் படியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். "பதினோரு வருஷத்துல முதல் தடவையா டோரிஸ் என்னை விட்டுட்டுப் போனா பாரு. ஓடவே வேணாம்னு தோணிச்சு. அங்கயே நின்னு கை தட்டினேன். தபால்காரி என்னை ஏதோ கிறுக்கன்னு நெனச்சிருப்பா."

நோலீன் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். படி இரண்டு பேருக்குப் போதாது, ஆனாலும் உட்கார்ந்தாள்.

"அப்ப பெவர்லிகிட்ட யார் சொல்றது?"

க்ளைவ் கழுத்தைத் திருப்பி உள்ளே பார்த்தார். எஞ்சின் மூடியின்மேல் கிண்ணத்துத் துணியைத் தூக்கிக்கொண்டு மாவு விளிம்பு தாண்டி வழிந்துகொண்டிருந்தது.

"நீ சொல்லு," என்று எழுந்து உள்ளே போனார். "எனக்கு மாவு வேலை இருக்கு."