ஒரே மெஷினுக்கு இரண்டு கோரிக்கை

1

இந்தக் கதை ஒரு விசாரணைக் கடிதத்தில் பிறந்தது. மூன்று மாதமாக மாலை மின்தடையைக் காணோமே, ஏன் என்று விநியோக நிலையத்துக்கு எழுதிக் கேட்டேன். (காரணம் தெரியாமல் வரும் நன்மையையும் விசாரித்துவிடுவது என் வழக்கம்.) "ஆவன செய்யப்படும்" என்று ஒரு வரி வரும் என்று பார்த்தால், நான்கு பக்கம் வந்தது. எழுதியவர் அங்கே கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் பெண் பொறியாளர்.

டிரான்ஸ்ஃபார்மர் திணறினால் முன்பு ஏதாவது ஒரு தெருவை அணைப்பார்களாம். இப்போது இவர் கேட்கிறார்: அரைமணி நேரம் எதைத் தள்ளிப்போட முடியும்? முடிந்தவர்கள் முன்கூட்டியே அதற்கு ஒரு விலை சொல்லிப் பதிவு செய்கிறார்கள். இதற்கு நெகிழ்வுச் சந்தை என்று பெயர். எந்தக் கடையின் ஃப்ரீசர் எத்தனை நிமிடம் தாங்கும், எந்த பேக்கரி அடுப்பு எப்போது ஓயும், எல்லாம் அவருக்கு அத்துப்படி.

கடைசிப் பக்கத்தில் இப்படி இருந்தது: "சென்ற வாரம் ஒரே வாடிக்கையாளரை நாங்களும் கேட்டோம், நாட்டின் மின்வலையான பெரிய கிரிட்டும் கேட்டது. அவர் யார், என்ன செய்தார் என்று எழுத எனக்கு அனுமதி இல்லை."

அனுமதி இல்லாத இடத்தில்தானே கதைக்காரனுக்கு வேலை.

2

முதல் தொடக்கம்: "ஐஸ் ஃபேக்டரி முதலாளி மீசையை முறுக்கியபடி..."

வேண்டாம். ஐஸ் அரைமணி நேரம் பொறுக்கும். அவருக்கு இழக்க ஒன்றுமில்லை.

இரண்டாவது: ஆஸ்பத்திரித் துணி துவைக்கும் சலவைக்கூடம். நடத்துபவர் ஐம்பது வயது அக்கா. காலை எட்டு மணிக்கு ஆபரேஷன் தியேட்டர் விரிப்புகள் போயாக வேண்டும். இவர்தான்.

3

அக்காவுக்கு இரண்டு படிவங்கள் வந்திருந்தன. கேட்டால் மின் உபயோகத்தைக் குறைப்பீர்களா என்றது ஊர் நிலையம். காற்றாலை மின்சாரம் பெருகினால் கூட்டுவீர்களா என்றது பெரிய கிரிட். இரண்டுக்கும் ஆம் என்று எழுதினார். இரண்டும் ஒரே அரைமணியில் வரும் என்று யாரும் சொல்லவில்லை.

(அடிக்குறிப்பு போல: பெரிய கிரிட் நாடு முழுவதையும் சமன்செய்கிறது. ஊர் டிரான்ஸ்ஃபார்மர் அதன் திரையில் தெரியாது. ஒருவர் கடலைப் பார்க்கிறார், ஒருவர் குழாயைப் பார்க்கிறார்.)

மாலை ஆறரை. பொறியாளர் போன் செய்தார்.

"அக்கா, மெஷின் ஓடுதா?"

"ஓடுதே! பெரிய ஆபீஸ் ஓட்டுன்னு மெசேஜ் அனுப்பிச்சு. நாலையும் போட்டுட்டேன்."

"நான் நிறுத்தச் சொல்லி அனுப்பினேனே?"

"அதுவும் வந்துச்சு. ரெண்டு மாமியாருக்கு வாக்கப்பட்ட கதையால்ல இருக்கு! யார் பேச்சைக் கேக்கறது?"

பொறியாளருக்குக் கோபம் வரவில்லை. பெரிய கிரிட்டின் அறையோடு அவருக்குத் திரையில்தான் பழக்கம், பேசியதே இல்லை. எண்ணைத் தேடிப் பிடித்தார்.

"சார், நீங்க கூட்டச் சொன்ன மெஷினைத்தான் நான் குறைக்கச் சொல்லியிருக்கேன்."

"ஐயையோ! உங்க லைன் நிறைஞ்சது எங்களுக்குத் தெரியாதும்மா. நான் வேற ஊர்ல கேட்டுக்கறேன்."

இனி வாடிக்கையாளரைக் கேட்குமுன் இரண்டு அறைகளும் ஒன்றையொன்று கேட்டுக்கொள்வது என்று அந்த ஒரு நிமிடத்தில் முடிவானது. (இங்கே எழுந்து நின்று கைதட்டினேன். கதைக்கு அழகில்லைதான். இருக்கட்டும்.)

4

ஆனால் நான்கு மெஷின்களும் ஓடிக்கொண்டிருக்கின்றன. டிரான்ஸ்ஃபார்மர் முள் சிவப்பில்.

"ஒரு தெருவை அணைச்சுடும்மா," என்றார் நிலையத் தலைவர். "அவங்களுக்குப் பழக்கம்தானே." அணைத்தால், கேட்டுப் பெறும் முறை தோற்றது என்று மேலிடத்துக்கு எழுதிவிடுவார்.

"பத்து நிமிஷம் குடுங்க சார்."

மறுபடி போன்.

"அக்கா, பெரிய ஆபீஸ் விட்டுட்டாங்க. இப்ப நிறுத்த முடியுமா?"

"பாதியில நிறுத்தினா நாலு டிரம்மையும் முதல்லேர்ந்து துவைக்கணும். காலைல எட்டுக்குள்ள ஆகுமான்னு தெரியல. அலசி முடிய இருபது நிமிஷம்."

"இங்க பத்துதான் தாங்கும்."

"நீயே அங்கேர்ந்து என் லைனை ஆஃப் பண்ணிடேன். பழி உன்மேல போகும், எனக்கு நிம்மதி."

"பண்ண முடியும்க்கா. பண்ண மாட்டேன். கேக்கறேன், அவ்வளவுதான்."

5

முடிவுகள்.

(அ) அக்கா நான்கையும் நிறுத்துகிறார். ஊரே வெளிச்சம். கிழித்தேன்.

(ஆ) நிறுத்தவில்லை. ஒரு தெரு இருட்டில், ஆனால் விரிப்புகள் காலை ஏழே முக்காலுக்கே... கிழித்தேன்.

(இ) இரண்டை நிறுத்தி இரண்டை ஓட்டுகிறார். சமர்த்தான முடிவு. அதனாலேயே நம்பிக்கை வரவில்லை.

மூன்றிலும் சுவிட்சைத் தட்டியது என் கை. தட்ட முடிந்தும் தட்டாமல், கேட்டுவிட்டுப் பொறியாளர் காத்திருக்கிறார். எழுதுகிறவன் என்ற அதிகாரத்தில் நான் தட்டினால், அந்த நிலையத் தலைவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அந்தச் சுவிட்சை உங்களிடமும் கொடுப்பதாக இல்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஆறு நாற்பத்திரண்டு. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அக்கா நான்கு மெஷின்களையும் பார்க்கிறார். மறுமுனையில் பொறியாளர் முள்ளைப் பார்க்கிறார்.

"இரும்மா," என்கிறார் அக்கா. "நானே சொல்றேன்."