204-இல் தங்கியவர்

எங்கள் லாட்ஜில் இருபது அறைகள். நான்கில் ஆள் இருந்தால் அன்று எனக்குத் தீபாவளி. திருமயம் கோட்டை பார்க்க வருகிறவர்கள் காரில் வந்து, போட்டோ எடுத்துக்கொண்டு, அதே காரில் போய்விடுவார்கள். சித்தன்னவாசலுக்கு வருகிறவர்களுக்குத் திருச்சிக்குப் போனால்தான் தூக்கம் வரும். வெள்ளைக்காரர்களோ செட்டிநாட்டுப் பங்களாக்களைத் தேடிப் போகிறார்கள். அரிமளம் விலக்கில், லாரி ஹாரன் சத்தத்தில், நான் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த லாட்ஜை வாங்க ஒரு சென்னைக் கம்பெனி வந்தது. முதலாளி உடையப்பனுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் அவர்கள் ஆறு மாத ரெஜிஸ்டரைக் கேட்டார்கள். தினம் எத்தனை அறை நிரம்பியது என்று பார்த்துத்தான் விலை பேசுவார்களாம்.

"தெனம் பதினாலு ரூமாச்சும் ரொம்பியிருக்கணும், திலகவதி. பழைய ஆதார் ஜெராக்ஸெல்லாம் ஃபைல்ல கெடக்குதுல்ல, அதப் பாத்து எழுதிரு," என்றார். "வித்து முடிச்சா ஒன்னயவே மேனேஜராப் போடச் சொல்றேன்."

புது ரெஜிஸ்டர் வாங்கிப் பத்து நாள் உட்கார்ந்து எழுதினேன். வெறும் பெயர் தங்கினால் யாருக்கு என்ன கேடு, சோப்புகூடக் கரையாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எதையும் ஒழுங்காகச் செய்துதான் எனக்குப் பழக்கம். இந்தத் திருட்டையும் அப்படித்தான் செய்தேன். ரெங்கராஜ் என்று ஒரு விதைக் கம்பெனி ரெப் இருந்தார். மாதாமாதம் இரண்டாம் செவ்வாய் வருவார், மாடியில் கடைசி அறையான 204-ஐத்தான் கேட்பார். பிப்ரவரிக்குப் பிறகு ஆளைக் காணோம். வேறு ஊருக்கு மாற்றியிருப்பார்கள் என்று நினைத்தேன். அவர் வழக்கம் கெடவேண்டாமென்று ஒவ்வோர் இரண்டாம் செவ்வாயும் அவரை 204-இல் தங்கவைத்தேன். ஜெராக்ஸில் அவர் போட்டிருந்த கையெழுத்தைப் பார்த்து, சுழி மாறாமல் நானே போட்டேன்.

ஆகஸ்ட் பதினான்காம் தேதி கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். உடையப்பன் அவர்களுக்குக் கீழ் அறைகளைக் காட்டப் போன நேரத்தில், கையில் ஒரு போட்டோவுடன் ஒரு பெண் உள்ளே வந்தாள்.

"எம்பேரு மோகனப்ரியா. பரமக்குடியிலேருந்து வாரேங்க. எங்க வீட்டுக்காரரு இந்தப் பக்கம் வந்தா இங்கதான் தங்குவேன்னு சொல்லுவாரு."

போட்டோவில் ரெங்கராஜ் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பிப்ரவரி கடைசியில சண்ட போட்டுட்டுப் போனவருங்க. ஒரு போனு இல்ல. இப்ப வல்லத்திராக்கோட்டப் பக்கம் பாழுங்கெணத்துல தூர் வாரயில ஒரு ஆளோட எலும்பு கெடச்சிருக்காம். அஞ்சு மாசத்துக்கு மேல இருக்குமாம். சட்டையையும் வாட்சையும் அடையாளம் பாக்க புதுக்கோட்ட பெரியாஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்காங்க. அதுக்கு முன்ன, இங்க கடைசியா எப்ப வந்தாருன்னு கேட்டுட்டுப் போலாம்னு எறங்கினேன்."

கம்பெனிக்காரர்கள் பார்ப்பதற்காக ரெஜிஸ்டர் மேசைமேல் விரிந்தே கிடந்தது. நான் மூடுவதற்குள் அவள் விரல் பன்னிரண்டாம் தேதியில் நின்றுவிட்டது.

"முந்தாநாளு வந்திருக்காரு," என்றாள். கையெழுத்தைத் தடவிப் பார்த்தாள். "அவரு போட்டதுதாங்க. கடைசி எழுத்த இப்பிடித்தான் கீழ இழுத்து விடுவாரு."

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். அழுகைக்கு நடுவே சிரித்தாள்.

"கெணத்துல கெடந்தது அவரு இல்லங்க. அஞ்சு மாசம் முன்ன செத்த ஆளு முந்தாநாளு எப்பிடி வந்து தங்குவாரு? எம்மேல இன்னும் கோவம், அம்புட்டுத்தான்."

இதற்குள் உடையப்பன் கம்பெனிக்காரர்களோடு வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. "நம்ம ரெகுலர் கஸ்டமராச்சே. திலகவதிதான் சாவி குடுத்துச்சு," என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கை அது.

அவள் என் பக்கம் திரும்பினாள். "மெலிஞ்சிட்டாராங்க?"

"நல்லா இருந்தாருங்க," என்றேன். என் நாக்கு அழுகிப் போகாதா என்று அந்த நிமிடமே தோன்றியது.

அவள் போலீஸுக்குப் போன் போட்டாள். "சார், நான் வரல. அது எங்க வீட்டுக்காரரு இல்ல," என்று சொல்லி வைத்தாள். பிறகு, "அவரு தங்கின ரூம ஒருதடவ பாக்கலாங்களா?" என்றாள்.

"அங்கிட்டு பெயின்ட் வேல நடக்குதும்மா," என்றார் உடையப்பன்.

பெயின்டும் இல்லை, வேலையும் இல்லை. பிப்ரவரிக்குப் பிறகு அந்த அறையை யாரும் திறக்கவில்லை. பெருக்கக்கூட நான் ஆள் அனுப்பவில்லை. பலகையிலிருந்து 204 சாவியை எடுத்து அவளிடம் நீட்டினேன். "போயிப் பாருங்க. மாடியில கடைசி ரூம்." உடையப்பன் பார்த்த பார்வையிலேயே என் வேலை போய்விட்டது. வாயால் சொல்லத் தைரியமில்லாத கோழை நான். அந்தக் கதவு சொல்லட்டும் என்று விட்டேன்.

மாடியில் பூட்டு நெடுநேரம் முரண்டு பிடித்தது. பிறகு கதவு தரையை உரசிக்கொண்டு திறந்தது. கம்பெனிக்காரர்கள் ரெஜிஸ்டரைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார்கள்.

அவள் மெல்ல இறங்கி வந்தாள். உள்ளங்கை முழுக்கத் தூசி. கையில் அறைச் சுவரில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டர். மேல் தாளில் பிப்ரவரி பன்னிரண்டு இருந்தது. அதை ரெஜிஸ்டர்மேல் வைத்துவிட்டு, கையெழுத்தின்மேல் விரலை வைத்தாள்.

"இது யாரு போட்டது?"

"நான்தாங்க."

அவள் போட்டோவைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"பெரியாஸ்பத்திரிக்கு எந்தப் பஸ்ஸுங்க போவும்?" என்று கேட்டாள்.