அரை மூச்சு முன்னால்

என் வேலை சிரிப்பது. இதைச் சொன்னாலே சிலர் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். நகைச்சுவை நிகழ்ச்சி பதிவாகும் அரங்கில் மூன்றாவது வரிசை, நடைபாதையை ஒட்டிய நாற்காலி என்னுடையது. பாஸ் வாங்கிக்கொண்டு வந்து உட்காரும் இருநூறு பேருக்கும் முதலில் சிரிக்கக் கூச்சம். தான் மட்டும் சிரித்து அசடு வழியக் கூடாதே என்று ஆளாளுக்குப் பக்கத்து முகத்தைப் பார்ப்பார்கள். யாராவது ஒருத்தி தொடங்கிவிட்டால் போதும், அரங்கமே கிளம்பிவிடும். அந்த ஒருத்தி நான். டைரக்டருக்கு என் பெயர்கூடத் தெரியாது. "மூணாம் வரிசை" என்றுதான் கூப்பிடுவார்.

இதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. நடிகர் முடித்ததும் அரை மூச்சு பொறுக்க வேண்டும். ஜனங்களுக்கு விஷயம் உறைக்க அவ்வளவு நேரம் பிடிக்கும். அப்புறம் மூக்கால் ஒரு சின்னச் சத்தம், உடனே வாய்விட்டு. தாமதித்தால் நமுத்துப்போகும். முந்திக்கொண்டால் அதைவிட மோசம். வேலைக்கு வந்த புதிதில் ஒரு தடவை முந்திவிட்டேன். என்னோடு சேர்ந்து சிரித்த ஜனம், இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று விழித்தது. ஏமாந்த கடுப்பில், சிரிக்க வேண்டிய இடம் நிஜமாகவே வந்தபோது வாயை இறுக்கிக்கொண்டது. ஒரு வயதான நடிகரின் அருமையான காட்சி என்னால் பாழாயிற்று. கழிப்பறையில் போய் நின்று அழுதேன்.

இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவன் என் அக்கா புருஷன். நிகழ்ச்சியின் பெரிய நடிகன் அவன்தான். நேரில் மாமா, வாங்க, போங்க என்றுதான் பேசுவேன். இங்கே அவன் இவன்தான். மரியாதையெல்லாம் தீர்ந்துவிட்டது.

அக்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு. வெளியே கிளம்பும்போது பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பாள். நாலு எட்டு நடப்பாள். நிற்பாள். திரும்பி வந்து மூன்றாவது தடவை இழுப்பாள். ஐந்து வருஷமாக இப்படித்தான். அவளுடைய ஒரே மகள் மொட்டுக்கு அப்போது இரண்டு வயது. அக்கா குளித்துக்கொண்டிருந்தபோது, திறந்து கிடந்த வாசல் கதவு வழியாகக் குழந்தை வெளியே போய் மாடிப்படியில் உருண்டுவிட்டாள். உயிர் பிழைத்தது, இடது கை மட்டும் இன்றுவரை முழுசாக நீளாது. கதவைச் சாத்தாதது அக்கா என்று அவன் சொன்னான். ஆஸ்பத்திரியில், இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்கள் முன்னால் வைத்துச் சொன்னான். சாத்தியதாகத்தான் ஞாபகம் என்று அக்கா முதலில் சொல்லிப் பார்த்தாள். அப்புறம் ஒருவேளை மறந்துவிட்டேனோ என்றாள். ஒரு வாரத்தில் நான்தான், நான்தான் என்று தலையில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டாள்.

இந்தப் பூட்டு இழுக்கும் பழக்கத்தைத்தான் அவன் ஸ்கிட் ஆக்கினான். பெயர் 'பூட்டு'. அக்காவின் பழுப்புக் கைப்பையைக் கேட்காமலே வீட்டிலிருந்து தூக்கிவந்து தோளில் மாட்டிக்கொண்டு, இதுதான் என் பெண்டாட்டி என்று மேடையேறினான். அவள் ஒரு வாரம் அதை வீடெல்லாம் தேடினாள். இரண்டு தடவை இழுப்பான், நாலு எட்டு நடப்பான், நிற்பான். அப்படி நிற்கிற நேரத்தில்தான் விஷயமே. முகத்தில் சந்தேகம் மெல்ல ஏற ஏற அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். சட்டென்று திரும்பி ஓடிவந்து பூட்டில் தொங்குவான். அங்கே நான் தொடங்க வேண்டும். முதல் பதிவில் தொடங்கியதும் நான்தான், அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. எந்த நடிகன்தான் பெண்டாட்டியைக் கேலி செய்யவில்லை, அக்காவும் சிரித்துவிட்டுப் போவாள் என்று நினைத்துவிட்டேன்.

அக்கா சிரிக்கவில்லை. வீடியோ எல்லார் போனிலும் சுற்றியது. அவள் வேலை செய்த மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்தவர்கள் கிளம்பும்போது கடைக் கதவை மூன்று தடவை இழுத்துக் காட்டிவிட்டுப் போனார்கள். மூன்று வாரமாக அவள் வேலைக்குப் போகவில்லை. வாசற்படியே இறங்கவில்லை. அந்த ஸ்கிட்டை விட்டுவிடச் சொல்லி அவனிடம் கெஞ்சினாள். உன்னால் நாலு பேர் சிரிக்கிறார்கள், சந்தோஷப்படு என்றானாம்.

இந்த நேரம் பார்த்து சேனலுக்குப் 'பூட்டு' பிடித்துத் தொலைத்தது. இன்னும் ஒரு பதிவு பார்ப்பார்கள், அரங்கம் அதிர்ந்தால் ஒரு வருஷத்துக்கு வாராவாரம் அதுதான். அக்கா இன்னும் ஒரு வருஷம் நாலு சுவருக்குள்தான் கிடப்பாள். ஆனாலும் பதிவு நாள் மத்தியானம் வரைக்கும் அவன் மேல் எனக்கு இருந்தது வெறும் கோபம்தான்.

பதிவுக்கு முன்னால் மேக்கப் அறைப் பக்கம் போனேன். கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே அவன் மேக்கப்காரரிடம் பீற்றிக்கொண்டிருந்தான்.

"உண்மைய சொல்லணும்னா கதவைத் திறந்து போட்டுட்டுப் போனது நான்தான். கீழ ஷூட்டிங் வேன்காரன் ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்தான், ஓடிட்டேன். அப்புறம் அவ தலையில கட்டிட்டேன், அவளும் நம்பிட்டா. இல்லன்னா இப்படி ஒரு ஸ்கிட் எனக்குக் கிடைச்சிருக்குமா?"

மேக்கப்காரர் சிரிக்கவில்லை. அவனேதான் சிரித்துக்கொண்டான். உள்ளே போய்ப் பவுடர் டப்பாவை அப்படியே அவன் மூஞ்சியில் கவிழ்க்கலாமா என்றிருந்தது. கவிழ்த்திருந்தால் அதையும் ஒரு ஸ்கிட் ஆக்கியிருப்பான், கேடுகெட்டவன். பல்லைக் கடித்துக்கொண்டு என் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். கடைசி வரிசையில் சேனல் மேடம் மடியில் நோட்டை விரித்து வைத்திருந்தார்.

விளக்கு எரிந்தது. கைப்பையோடு வந்தான். ஒரு தடவை இழுத்தான். இரண்டாவது தடவை. நாலு எட்டு நடந்து நின்றான். சந்தேகம் புருவத்துக்கு ஏறுவதற்குள் நான் சிரித்தேன். குறை சொல்ல முடியாத சிரிப்பு, என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாகச் சிரித்ததில்லை. என்னை நம்பி அரங்கமே சிரித்தது. சிரித்து முடித்து, எதற்குச் சிரித்தோம் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. அவன் ஓடிவந்து பூட்டில் தொங்கியபோது ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பூட்டு கதவில் இடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

அடுத்தது பஸ் நிறுத்தத்திலிருந்து திரும்பி ஓடிவரும் இடம். அங்கேயும் முந்தினேன். இந்தத் தடவை பத்துப் பேர்தான் கூட வந்தார்கள், மற்றவர்கள் என்னை முறைத்தார்கள். மூன்றாவது இடத்தில் நான் ஒருத்திதான் சிரித்தேன். அவனுக்கு வியர்த்துக் கொட்டியது. எனக்கு முன்னால் போய்விட வேண்டும் என்று நிற்கிற நேரத்தைச் சுருக்கினான். சுருக்கினால் தொலைந்தான் என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும், ஆனால் கால் நிற்க மாட்டேன் என்றது. முன் வரிசையில் இருந்த ஒரு பெரியம்மா பக்கத்தில் இருந்தவரிடம் பேசியது அந்த அமைதியில் எல்லாருக்கும் கேட்டது.

"பாவம், பூட்டை இழுக்கற அந்தப் பொண்ணுக்கு என்ன பயமோ."

அதோடு கதை முடிந்தது. ஒருவர் பாவம் என்று சொல்லிவிட்ட பிறகு கிச்சுகிச்சு மூட்டினாலும் யாரும் சிரிக்க மாட்டார்கள். சேனல் மேடம் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார். எனக்குத் தித்தித்தது, அதை மறைக்க மாட்டேன்.

இனிமேல் வர வேண்டாம் என்று டைரக்டர் ஆள் விட்டுச் சொன்னார். சரி என்றேன். நடையில் அவன் என்னை மறித்துக்கொண்டான். முகத்தில் ஈயாடவில்லை.

"வேணும்னே பண்ணியா? என் பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டியே."

"சிரிப்பு வந்துடுச்சு மாமா. உங்களைப் பார்த்தா அடக்கவே முடியல."

மேடைச் சாமான்கள் இருந்த மேசையிலிருந்து அக்காவின் கைப்பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அக்கா கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மொட்டு உள்ளறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பையை அக்கா மடியில் வைத்து, மேக்கப் அறையில் கேட்டதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கையில் இருந்த சின்னச் சட்டையை நாலாக மடித்து, மறுபடி பிரித்து, மறுபடி மடித்தாள்.

"ஹாரன் அடிச்சுதுன்னு அவரே சொன்னாரா?"

"அவரே சொன்னார்கா."

"அந்த ஹாரன் எனக்கும் கேட்டுச்சுடி. குளிச்சிட்டு இருந்தேன், நல்லா கேட்டுச்சு. அப்போ அவர்தானே கடைசியா வெளியில போயிருக்கணும். அஞ்சு வருஷமா இது எனக்குத் தோணவே இல்ல பாரு."

விளக்கு வைக்கும் நேரத்துக்கு அவன் வந்தான். சாவியைப் போட்டுத் திருப்பினான், கதவு திறக்கவில்லை. அக்கா உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தாள். வீடு அவள் பெயரில் எடுத்தது. அவன் தட்டினான். என் பெயரைச் சொல்லித் திட்டினான், அவளையும் திட்டினான். அக்கா கதவருகே போய் நின்றாள்.

"அன்னைக்குக் கதவைத் திறந்து போட்டது யாரு?"

எந்த மேடையிலும் குரல் இறங்காத ஆள் அவன். குரலைத் தாழ்த்திக்கொண்டு, திற, உள்ளே வந்து பேசிக்கொள்ளலாம் என்றான்.

அக்கா தாழ்ப்பாளை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். இன்னொரு தடவை இழுத்தாள். கூடத்துக்குள் நாலு எட்டு நடந்தாள். நின்றாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவள் திரும்பிக் கதவுக்குப் போய், அவனுக்குக் கேட்கிற மாதிரி, தாழ்ப்பாளை மூன்றாவது தடவை பலமாக ஆட்டினாள். சரியாக அரை மூச்சு பொறுத்தாள். பிறகு சிரித்தாள்.

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நான் இன்னொருத்திக்குப் பின்னால் சிரித்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவன் அதைக் கேட்டுக்கொண்டே நின்றான்.