கண்டக்டர் அருணகிரியின் இடது கை

அருணகிரியின் இடது கைக்கு நான் போட்ட சட்டங்கள் நான்கு. குளிக்கும்போது வாட்சைக் கழற்றக் கூடாது. தூங்கும்போதும் கழற்றக் கூடாது. கர்ச்சீப்பைச் சுற்றி மறைக்கக் கூடாது. முக்கியமாக, அதைப் பார்த்துப் பாவப்படக் கூடாது. கம்பியில் இடிக்கிறதா, நன்றாக இடிக்கட்டும். முப்பது நாளைக்கு இப்படித்தான்.

"எதுக்குமா இவ்ளோ கண்டிஷன்? என் கல்யாணத்துக்கே யாரும் இவ்ளோ போடல" என்றார்.

"கல்யாணம் எப்படியாவது தாங்கிடும்ங்க. இது தாங்குமானு பாக்கணும்."

அவர் அடி அண்ணாமலைக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் ஓடும் மினி பஸ்ஸின் கண்டக்டர். நாளெல்லாம் படிக்கட்டில் நின்று, இடது கையால் எவர்சில்வர் கம்பியைப் பிடித்துக்கொண்டு வருகிறவர். இந்த ஊரில் அதிகமாக அடி வாங்கும் மணிக்கட்டு யாருடையது என்று ஒரு வாரம் தேடினேன். கல் அறுக்கிறவர்கள் வாட்ச் கட்டுவதில்லை. பரோட்டா மாஸ்டர் கழற்றி ஆணியில் மாட்டிவிடுகிறார். அப்போதுதான் ஒரு நாள் காலை மினி பஸ்ஸில், பூக்கூடையோடு நின்ற கன்னியம்மாளை அருணகிரி இடது கையைக் கொடுத்து, கூடையும் ஆளுமாக ஒரே இழுப்பில் மேலே ஏற்றியதைப் பார்த்தேன். அந்த அம்மாளுக்கு முழங்கால் மடங்காது. கோபுரத்துக்கு எதிரே பூ விற்கிறவர். தினமும் இப்படித்தான் ஏற்றுவாராம். கம்பி, கூடை, வளையல், தகரம் எல்லாம் உரசுகிற கை அது. இந்தக் கைதான் எனக்கு வேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

நான் மதிவதனி. செராமிக் இன்ஜினியரிங் படித்துவிட்டு ஒன்பது வருடம் ஒரு டைல்ஸ் தொழிற்சாலையில் தரம் பார்த்தவள். முதல் சம்பளத்தில் ஒரு ஸ்டீல் செயின் வாட்ச் வாங்கினேன். தொழிற்சாலைத் தூசி ஒரே வாரத்தில் அந்தச் செயினைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்த பாத்திரம் போல ஆக்கிவிட்டது. மற்றவர்களாக இருந்தால் போனால் போகிறது என்று விட்டிருப்பார்கள். எனக்கு விடத் தெரியாது. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பார்களே, என் முயலுக்கு இரண்டே கால் என்று என் கணவர் மாறன் சொல்வார். அவர் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். எண்ணிக்கையில் தப்பு விட மாட்டார்.

வேலையை விட்டேன். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் ஒரு ஷெட் பிடித்தேன். சிர்கோனியா என்று ஒரு பொடி இருக்கிறது. பார்த்தால் கோலமாவு. அதை அச்சில் அழுத்தி ஆயிரத்து நானூற்றைம்பது டிகிரியில் சுட்டால், ஐந்தில் ஒரு பங்கு சுருங்கி இறுகும். அப்புறம் மணலைப் போட்டுத் தேய்த்தாலும் மணல்தான் மழுங்கும். அந்தப் பொடியில் கறுப்பாக ஒரு வாட்ச் செயின் செய்ய வேண்டும், அதில் சாகும்வரை கீறல் விழக் கூடாது. இதுதான் நான் பிடித்த முயல்.

கடினமான பொருளுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வளையாது, உடைந்துவிடும். என் முதல் பதினோரு செயின்களும் தரையில் விழுந்து உடைந்தன. "கீறல் விழாமலே உடையுது பாரு, அதுவும் முன்னேற்றம்தான்" என்றார் மாறன். அன்று அவருக்குச் சாப்பாடு நான் போடவில்லை. பிறகுதான் கண்டுபிடித்தேன்: கண்ணிகளைக் கோக்கும் ஊசிக்கான துளையை நான் மிக இறுக்கமாக வைத்திருந்தேன். துளையை ஒரு மயிரிழை பெரிதாக்கி, சுற்றுச் சுவரைத் தடிமனாக்கினேன். பன்னிரண்டாவது செயினைத் தலை உயரத்திலிருந்து நாற்பது முறை போட்டேன். உடையவில்லை. கல் பட்டறைத் தூளும் மணலும் நிரப்பிய டிரம்மில் மூன்று நாள் உருட்டினேன். ஒரு கோடு இல்லை.

பெங்களூரில் ஒரு கடிகாரக் கம்பெனியில் அறிவுச்செல்வன் இருந்தான், கல்லூரியில் என்னோடு படித்தவன். புதிதாக வரும் வாட்சுக்கு அவர்கள் கீறல் விழாத செயின் தேடிக்கொண்டிருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து ஒரு சாம்பிள் வந்தாயிற்று. என்னுடையதையும் மேஜையில் வைக்கிறேன் என்றான், ஆனால் முப்பது நாள் ஒரு முரட்டுக் கையில் இருந்து வர வேண்டும். அதுவரை நான் அந்தக் கையின் பக்கத்தில் போகக் கூடாது. "நீ பாத்தா துடைப்ப, துடைச்சா தேய்ப்ப, தேய்ச்சா புதுசா ஒண்ணு செஞ்சு மாட்டிடுவ" என்றான். என்னைத் தெரிந்தவன். இது போனால் இன்னொரு கம்பெனி எனக்குக் கிடைக்காது; ஷெட்டை மூடிவிட்டு மறுபடியும் டைல்ஸ் தட்டிப் பார்க்கப் போக வேண்டியதுதான். முப்பது நாளும் மினி பஸ் வரும் நேரம் பார்த்து ஸ்கூட்டரில் வேறு தெருவில் சுற்றினேன்.

முப்பதாம் நாள், வியாழன் மதியம், அறிவு காரில் வந்தான். அருணகிரி சாப்பாட்டு நேரத்தில் பஸ்ஸை ஷெட்டுக்கு எதிரே நிறுத்தச் சொல்லிவிட்டு வந்து, வாட்சைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

கறுப்புச் செயின் முழுவதும் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். குறுக்கே, நெடுக்கே, கண்ணிக்கு ஏழெட்டு.

"என்னங்க பண்ணீங்க?" என்று அருணகிரி மேல் பாய்ந்தேன்.

"நீங்க சொன்னதத்தாமா பண்ணேன்" என்றார். நியாயமான பதில். அதனால் இன்னும் கோபம் வந்தது.

அறிவு லென்ஸை எடுக்கக்கூட இல்லை. "ஸாரி மதி. திங்கக்கிழமை மீட்டிங். இத நான் எப்படிக் கொண்டுபோய் வைக்கிறது?"

ஒன்பது வருடம் டைல்ஸ் மேல் விரல் ஓட்டிய பழக்கம்; கட்டைவிரல் நகத்தை ஒரு கோட்டின் குறுக்கே இழுத்தேன். கீறல் என்றால் பள்ளம், நகம் மாட்ட வேண்டும். மாட்டவில்லை. மாறாக, அந்த இடம் ஒரு பொடிக்கு மேடாக இருந்தது. பீங்கான் தட்டில் எவர்சில்வர் ஸ்பூனால் வழித்துச் சாப்பிட்டால் சாம்பல் நிறத்தில் கோடு விழுமே, அது ஞாபகம் வந்தது. தட்டு தேய்வதில்லை. தேய்வது ஸ்பூன்.

ஷெட் மூலையில் சாமி படத்துக்கு முன்னால் திருநீற்றுக் கிண்ணம் இருந்தது. வீட்டில் வெள்ளி விளக்கை அதில்தான் துலக்குவோம். ஒரு சிட்டிகை எடுத்து, ஈரத் துணியில் வைத்து அழுத்தித் தேய்த்தேன். துணி கறுத்தது. ஒரு கோடு போயிற்று. இரண்டாவதும் போயிற்று. கால் மணி நேரத்தில் செயின், உலையிலிருந்து வந்த அன்று இருந்ததுபோல் கறுகறுவென்று கிடந்தது.

தப்பு என்னுடையதுதான். மணலோடும் கல்லோடும் மூன்று நாள் சண்டைக்கு விட்ட நான், ஒரு ஸ்பூனை அதன் பக்கத்தில் கொண்டுபோகவில்லை. மிருதுவான பொருள் என்ன செய்துவிடும் என்ற அலட்சியம்.

இப்போது அறிவு லென்ஸை எடுத்தான். இருபத்திரண்டு கண்ணியையும் பார்த்தான். "ஒண்ணுகூட இல்ல" என்று சிரித்தான். "பாஸ் மதி. வாங்கறவங்களுக்குத் துடைக்கற துணியோட ஒரு குறிப்புச் சீட்டு குடுத்துட்டாப் போதும்."

"அப்ப அந்தக் கோடெல்லாம் எங்க பஸ்ஸோடதா?" என்றார் அருணகிரி.

மூன்று பேரும் பஸ்ஸுக்குப் போய்ப் பார்த்தோம். படிக்கட்டுக் கம்பியில், அவர் கை பிடிக்கும் உயரத்தில், ஒரு சாண் நீளத்துக்கு எலி கறண்டியதுபோல் இருந்தது. "மொதலாளிகிட்ட சொல்லிடாதீங்க" என்றார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அறிவு போட்டோ எடுக்க வேண்டும் என்று அவர் கையில் வாட்சை மறுபடியும் கட்டச் சொன்னான்.

அந்த நேரம் பார்த்துச் சாயங்கால வியாபாரத்துக்குப் புறப்பட்ட கன்னியம்மாள் கூடையோடு வந்தார். அருணகிரி பழக்கத்தில் இடது கையை நீட்டினார். கன்னியம்மாள் தன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"அந்தக் கை வேணாம்பா. கத்திய கட்டிக்கினு நிக்கிற."

கூடையை முதலில் படியில் வைத்தார். கம்பியைப் பிடித்து, மடங்காத காலை இழுத்து இழுத்து, மூன்று முயற்சியில் ஏறினார். அவர் முன்கையின் உட்புறத்தில் இரண்டு கோடுகளைப் பார்த்தேன். ஒன்று காய்ந்து கறுத்திருந்தது. இன்னொன்று அதைவிடப் புதியது. இவை திருநீறு போட்டால் போகிற கோடுகள் இல்லை.

"ரெண்டு தடவ கிழிச்சிடுச்சுமா" என்று அருணகிரி தாழ்ந்த குரலில் சொன்னார். "கழட்டக் கூடாதுனு நீங்க சொல்லிட்டீங்க. அதான் பத்து நாளா யாருக்கும் கை குடுக்கறதில்ல. இன்னிக்கு மறந்துட்டு நீட்டிட்டேன். வூட்ல பாப்பாவக்கூட வலது கையிலதான் தூக்கறேன்."

எந்தக் கையைப் பார்த்து அவரைத் தேர்ந்தெடுத்தேனோ அந்தக் கையை நானே கட்டிப்போட்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. செயினை வாங்கிக் கண்ணிகளின் ஓரத்தைத் தடவினேன். கூர். அந்தக் கூரில்தான் வெளிச்சம் பட்டு மின்னும். நானே பெருமைப்பட்டு வரைந்த ஓரம். ஸ்டீலாக இருந்தால் நாலு நாளில் தானே மழுங்கியிருக்கும். என்னுடையது மழுங்காது. சாகும்வரை கிழிக்கும்.

"இத இப்ப தர மாட்டேன்" என்றேன்.

அறிவு என்னையே பார்த்தான். "மதி, கீறல் விழக் கூடாதுங்கறதுதான் டெஸ்ட். விழல. மீட்டிங் முடியட்டும், ஓரத்த அப்புறம் மாத்திக்கலாம்."

"அச்சு போட்டப்புறம் யாரு மாத்துவா? ஆயிரம் பேரு கையில போய் உக்காந்துக்கும்."

"வெறுங்கையோட போனா அந்த வெளிநாட்டுச் செயின்தான். அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"நீ எப்ப கிளம்பற?"

"போளூர்ல அம்மா வீட்ல இருக்கேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம்."

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் வந்து வாங்கிக்கோ."

இருபத்திரண்டு கண்ணி, கண்ணிக்கு மேலே நாலு ஓரம், எண்பத்தெட்டு ஓரம். வைரத் தூள் பூசிய சக்கரத்தில் ஒரு ஓரத்தை உருட்டக் கால் மணி நேரம் ஆகும். அவசரப்பட்டு அழுத்தினால் சில்லு தெறிக்கும். வியாழன் மதியமே உட்கார்ந்தேன். சக்கரத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்க வேண்டும். என் புடவை முழங்கால்வரை நனைந்தது. பதினேழாவது கண்ணி தெறித்துப் போயிற்று. கையிருப்பில் இரண்டு உபரிக் கண்ணிகள் இருந்தன, ஒன்றை எடுத்து அதன் முதல் ஓரத்திலிருந்து ஆரம்பித்தேன். வெள்ளி முழுவதும் அதே வேலை. எனக்கு இது கடினமாகவே தெரியவில்லை. எதைச் செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டால் எனக்கு எதுவும் கடினம் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் விரலால் தடவினால் வழவழவென்று இருந்தது. ஆனால் என் விரல் டைல்ஸில் தேய்ந்த விரல், அதை நம்ப முடியாது. வீட்டுக்கு ஓடி பீரோவிலிருந்து மாறனின் கல்யாணப் பட்டு வேட்டியை எடுத்தேன். செயினை அதன் மேல் இழுத்தால் எந்தக் கண்ணி நூலைப் பிடிக்கிறதோ அதில் கூர் பாக்கி என்று அர்த்தம்.

"நமக்குக் கல்யாணம் ஆச்சுங்கறதுக்கு அது ஒண்ணுதான் அத்தாட்சி" என்றார் மாறன்.

"ஆல்பம் இருக்கு" என்றேன்.

மூன்று கண்ணிகள் நூலைப் பிடித்தன. வேட்டியில் மூன்று இழை போயிற்று. அந்த மூன்றையும் மறுபடி உருட்டினேன். நான்காவது முறை இழுத்தபோது செயின் பட்டின் மேல் தண்ணீர்போல் நழுவிப் போயிற்று.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் என் செயினைத்தான் எடுத்தார்கள். மேஜையைச் சுற்றிக் கை மாறிப் போனதாம், யாரும் ஓரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையாம். அறிவு போனில் இதைச் சொன்னபோது சந்தோஷத்தில் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் எனக்கு ரிசல்ட் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்துவிட்டது.

அன்று முதல் நடைக்கே மினி பஸ்ஸில் ஏறி, அருணகிரி கையில் செயினைக் கட்டிவிட்டு, முன் சீட்டில் உட்கார்ந்தேன். "இன்னிக்கு ஒரே ஒரு சட்டம்தான்" என்றேன். "கை குடுங்க."

அடுத்த நிறுத்தத்தில் கன்னியம்மாள் நின்றார். அருணகிரி இடது கையை நீட்டினார். அந்த அம்மாள் கையைப் பார்த்தார், வாட்சைப் பார்த்தார், இடுப்பிலிருந்த கூடையைப் பார்த்தார். கூடை கனமாக இருந்திருக்க வேண்டும். கையைக் கொடுத்தார். ஒரே இழுப்பு, செயின் அவர் முன்கையில், அந்தப் பழைய தழும்பின் மேலேயே, அழுத்தி உரசியதை நான் பார்த்தேன்.

அவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். முழங்காலை நீவிக்கொண்டார். கையை அவர் பார்க்கவே இல்லை.

என்னால் பொறுக்க முடியவில்லை. "வலிக்குதாமா?"

"இன்னிக்கா? முட்டி எப்பவும் வலிக்கறதுதான்."

"முட்டி இல்லமா. கை."

"கை எதுக்கு வலிக்கணும்?" என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார் கன்னியம்மாள். "கொஞ்சம் தள்ளி உக்காரு, பூ நசுங்குது."