கேர் ஆஃப் இல்லாத விலாசம்

அட்ரஸ் ஸ்டிக்கர் அடிக்க உட்கார்ந்தால் ரேணுகாதேவி பாதி ஆள்தான் நாற்காலியில் இருப்பாள், மீதி ஆள் ஊர் சுற்றப் போய்விடும். ஆரணியில் ஒரு கண் சிகிச்சை அறக்கட்டளை. நன்கொடை தருகிறவர்களுக்கெல்லாம் வருஷம் ஒரு மலர்ப் புத்தகம் அனுப்புவார்கள். கம்ப்யூட்டரில் இருக்கும் விலாசங்களைச் சரிபார்த்து, அச்சடித்து, உறைகளில் ஒட்டுவது அவள் வேலை.

'வெம்பாக்கம், பம்ப் செட் எதிரில்' என்று திரையில் வந்தால் போதும், அவள் காலில் தண்ணீர் சிலுசிலுக்கும். 'வந்தவாசி, மாவு மில் சந்து' என்றால் சுடுமாவு வாசம் வரும். பக்கத்துக் கட்டடத்தில் தறிகள் தடதடக்க, அந்தச் சத்தத்திலேயே மிதந்துபோய் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்றுவிட்டு வருவாள். பைத்தியம்தான், ஆனால் யாருக்கு என்ன நஷ்டம்?

அன்றைக்கு அவள் பெயரே வந்தது. அவளும் மாதாமாதம் ஏதோ தருகிறவள் ஆயிற்றே. 'ரேணுகாதேவி, கேர் ஆஃப் தசரதன், பெரணமல்லூர்.' தசரதன் அவள் தம்பி. அதற்கு முன்னால் கேர் ஆஃப் புருஷன், அவர் போய்ச் சேர்ந்தாயிற்று. அதற்கும் முன்னால் கேர் ஆஃப் அப்பா. தலை நரைத்த பிறகும் அவளுக்கு வரும் கடுதாசி இன்னொருத்தர் பெயரைத் தாண்டித்தான் வரவேண்டுமாம்!

கைப்பையில் ஒரு சாவி கிடந்தது. ஆரணியிலேயே, கொசப்பாளையத்தில் ஒரு மாடி வீடு. ஒரு ரூம், சமையல்கட்டு, காற்று வரும் ஜன்னல். வாடகைக்குப் பேசி முடித்துவிட்டாள், தம்பியிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. கெட்டவனாக இருந்தால் சண்டை போட்டுவிட்டுக் கிளம்பலாம். அவன் தங்கமானவன், அதுதான் பேஜார்.

அந்நேரம் பார்த்து அவனே போன் செய்தான்.

"அக்கா, இன்னா பண்ணிகினு கீற? ஜல்தியா வந்துடு, மழ வர்ற மாரி கீது."

"தசரதா, ஒண்ணு சொல்லணும்டா."

"வூட்டுக்கு வந்து சொல்லுக்கா. எங்க போயிடப் போற?"

அன்பாகத்தான் சொன்னான். ஆனாலும் நெஞ்சில் சுருக்கென்றது.

போனை வைத்துவிட்டு மறுபடி தறிச்சத்தத்தில் மிதந்தாள். இந்தத் தடவை கால்கள் கொசப்பாளையத்து மாடிப்படி ஏறின. ஜன்னலைத் திறந்தாள், அடுப்பில் பால் வைத்தாள். கீழே தபால்காரர் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், அவள் பெயரை மட்டும்.

விழித்துப் பார்த்தால், விரல்கள் தாமாகவே பழைய வரியை அழித்துப் புது விலாசத்தை அடித்திருந்தன. அவள் அதைத் திரும்ப மாற்றவில்லை. அச்சடித்தாள், ஒட்டினாள், மற்ற உறைகளோடு சாக்கில் போட்டாள்.

மேனேஜர் தனக்கோடி வந்து சாக்கைக் கட்டினார். "ரேணுகாம்மா, எல்லாம் கரெக்டுங்களா? ஆள் இல்லன்னு திரும்பி வந்தா பேர எடுத்துடணும், ஆமா."

அதுவும் அவள் வேலைதான். திரும்பி வரும் உறைகளைப் பார்த்து எத்தனையோ பெயர்களை அழித்திருக்கிறாள். தன் பெயரையும் தானே அழிப்பதா? ஐயோ, முடியவே முடியாது.

சாக்கு தபாலாபீசுக்குக் கிளம்பிவிட்டது. உறை வந்து சேரும்போது கதவைத் திறக்க ஆள் வேண்டுமே! சாவியை இறுகப் பிடித்துக்கொண்டு தம்பிக்குப் போன் போட்டாள்.

"வூட்டுக்கு வந்து சொல்ல முடியாதுடா, இப்பவே கேளு. ஆரணியில எனக்குன்னு ஒரு வூடு பாத்துட்டேன். நாளைக்குப் பால் காய்ச்சறேன். நீதான் மொதல்ல வரணும்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அட்ரஸ் சொல்லுக்கா" என்றான்.

தன் பெயரிலிருந்து ஆரம்பித்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.