நோன்புக்கு நிறுத்திய மாத்திரை

பாலக்கோட்டுத் தையல்காரர் முனாப், நஞ்சப்பன் மகனின் கல்யாணச் சட்டைக்கு இரண்டு கையையும் இடக்கையாகவே வெட்டித் தைத்துவிட்டார். கடைத்தெருவே சிரித்தது. அவர் மனைவி ஹாஜிராவும்தான் சிரித்தாள். பிறகு ஒருநாள், கடைக்குப் போகிற வழி மறந்து பஸ் ஸ்டாண்டில் அரைநாள் நின்றாரே, அன்றோடு அவள் சிரிப்பு அடங்கிப்போனது.

அது எண்பத்தெட்டாம் வருஷம். பெங்களூரில் எடுத்துவந்த ஸ்கேன் படத்தைத் தருமபுரி டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மூளை சுருங்கியிருக்கும்மா. பிரஷர் ஏறி ஏறி ரத்தக்குழாயெல்லாம் தடிச்சுப் போச்சு. மூளைக்கு ரத்தம் சரியாப் போகல."

சுருக்கம் ஹாஜிராவுக்குத் தெரியாததா? வெட்டுவதற்கு முன் புதுத்துணியை வாளியில் முக்கிப் பிழிந்து, சுருங்கவிட்டுக் காயப்போடுவது முப்பது வருஷமாக அவள் வேலைதான். "சுருங்குனது திரும்ப விரியாதுங்களா?" என்று கேட்டாள்.

"விரியாது. மேல சுருங்காமப் பாத்துக்கலாம். பிரஷர் மாத்திரை விடாமப் போட்டாரா? அது தெரிஞ்சாத்தான் அளவைக் கூட்டுறதா வேணாமான்னு முடிவு பண்ண முடியும்."

"அம்மா ஒருநாளும் தவறவுட்டதில்லீங்க" என்றான் மகன் சலாவுதீன், பெருமையாக.

மூன்று வருஷத்துக்கு முன் நோன்பு மாதத்தில், பகலில் தண்ணீர்கூடக் கூடாதே என்று மாத்திரையை நிறுத்தியவளே ஹாஜிராதான். பெருநாளன்று மனுஷர் குண்டுக்கல் மாதிரி இருந்தார். நோன்பே குணமாக்கிவிட்டது என்று அவளாகவே தீர்ப்பு எழுதிவிட்டாள். மகன் கேட்டபோதெல்லாம் கொடுத்துவிட்டதாக வாய் கூசாமல் சொன்னாள். இப்போதும் வாயை மூடிக்கொண்டால் மகனிடம் மானம் மிஞ்சும். ஆனால் டாக்டர் தப்பாக மருந்து எழுதுவார், மிச்சமிருக்கிற மனுஷரும் போய்விடுவார்.

"நான்தாங்க நிறுத்துனேன். மூணு வருஷமாக் குடுக்கல."

சலாவுதீன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. "விடியறதுக்கு முன்னால சஹர் சாப்பாட்டோட குடுத்திருக்கலாமேம்மா" என்றார் டாக்டர். அவ்வளவு சின்ன விஷயம். யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவளுக்குத் தன்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

அதுவரை சும்மா உட்கார்ந்திருந்த முனாப்புக்குக் கோபம் வந்துவிட்டது. அவளைக் காட்டி டாக்டரிடம் சொன்னார்:

"இந்தம்மா பேச்ச நம்பாதீங்க. எங்க வூட்டுல ஹாஜிரான்னு ஒருத்தி இருக்கா, அவ அப்படிச் செய்யறவளே இல்லீங்க."