வருவான் என்றொரு பாட்டு

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையை விரித்துப் பிடித்தபடியே ஜமால்தீன் உள்ளே ஓடி வந்தான்.

"நம்மட பேரு பேப்பர்ல வந்தீக்கு புள்ள! அரைப் பக்கம்!"

கண்டியை அடுத்த கட்டுகஸ்தோட்டையில் அவனுடைய வாப்பாவின் மரத் தளபாடக் கடைக்குப் பின்னால், மரத்தூள் மணக்கும் அறையொன்றில்தான் மூன்று பேரும் பாடிப் பழகினார்கள். ஜமால்தீனுக்கு டிரம்ஸ். வங்கி அதிகாரியின் மகனான யோகேந்திரனுக்குக் கிட்டார். பாட்டெழுதிப் பாடுகிறவள் புஷ்பராணி. கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, கண்டி டவுனில் ஓர் அச்சகத்தில் தமிழ் தட்டச்சு செய்கிறவள். 'மலைக்கு இந்தப் பக்கம்' என்று பெயரிட்டு எட்டுப் பாட்டுகளை சீடி இறுவட்டில் பதிந்து, கையால் விற்றுக்கொண்டிருந்தார்கள். அது இரண்டாயிரத்தேழாம் ஆண்டு. வடக்கிலும் கிழக்கிலும் சண்டை மூண்டிருந்தது. கண்டியில் தமிழ்ப் பெயருள்ளவர்கள் அடையாள அட்டையில்லாமல் கடைத்தெருவுக்குக்கூடப் போவதில்லை.

புஷ்பராணி பத்திரிகையை வாங்கி வாசித்தாள். கிட்டாரைப் பற்றி இரண்டு வரி, டிரம்ஸைப் பற்றி ஒரு வரி. மிச்சமெல்லாம் அவளுடைய சொற்களைப் பற்றித்தான். 'தமிழில் இப்படி ஒரு ரொக் இசைத்தட்டு வந்ததில்லை. இங்கே வாத்தியங்கள் சொல்லுக்குப் பின்னால் நடக்கின்றன' என்று எழுதியிருந்தது. அவளுக்கு முகம் சூடேறியது. பிறகு விமர்சகர் ஐந்தாவது பாட்டுக்கு வந்திருந்தார்.

*கடைசி பஸ்ஸும் திரும்பிப் போச்சு*
*வளைவில் இன்னும் காது கிடக்கு*
*வருவான் வருவான்*
*மலையேறி ஒருநாள் வருவான்*

அதன் கீழே விமர்சகர் எழுதியிருந்தார்: 'இது ஓர் இனத்தின் காத்திருப்பு. அந்த அவன் யாரென்று நம் எல்லோருக்கும் தெரியும்.'

அவள் அந்த வரியை இன்னொருமுறை வாசித்தாள்.

"பாத்தீரோ? கொழும்பில ஒருத்தர் எங்கட பாட்டை இப்பிடிக் கேட்டிருக்கிறார்!" என்றான் யோகேந்திரன்.

"எழுதுனவரு யாரு?"

"புனைபெயர்தான் போட்டிருக்கு."

"அவருக்குப் புனைபெயரு. நம்ம மூணு பேருக்கும் சொந்தப் பேரு" என்றாள் அவள்.

அந்த அவன் யாரென்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவளுடைய அண்ணன் லெட்சுமணன். கொழும்பில் சாப்பாட்டுக் கடையொன்றில் வேலை பார்த்தவன். முந்தின சண்டைக் காலத்தில் ஒரு விடியற்காலை இராணுவச் சுற்றிவளைப்பில் அவனை வண்டியில் ஏற்றியதைக் கடை முதலாளி பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகு அவனைப் பார்த்தவர்கள் யாருமில்லை. மிச்சமிருக்கிற பிள்ளைக்காவது ஆபத்து வரக்கூடாதென்று அம்மா பாப்பம்மா தோட்டம் முழுக்க, அவன் வளைகுடாவில் கட்டாரில் வேலை செய்கிறான் என்று சொல்லி வைத்தாள். வீட்டுக்குள்ளும் அதையேதான் சொன்னாள். அண்ணன் பெயரை வாய்விட்டுச் சொல்ல முடியாத வீட்டில் இருந்துகொண்டு புஷ்பராணி அந்தப் பாட்டை எழுதினாள்.

பத்திரிகை வந்த பிறகு பாட்டு காட்டுத்தீயாய்ப் பரவியது. பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்கள் போனில் போட்டுக் கேட்டார்கள். விடுதி மண்டபத்தில் பாடப் போனபோது, 'வருவான்' என்ற இடத்தில் பையன்கள் கை முஷ்டியை இறுக்கி மேலே உயர்த்திக் கத்தினார்கள். மேடையில் நின்ற அவளுக்கு அந்தச் சத்தத்துக்குள் தன் குரலே கேட்கவில்லை. கூட்டத்தில் யார் யார் நிற்கிறார்கள் என்றுதான் கண் தேடியது.

ஒரு செவ்வாய்க்கிழமை அச்சகத்து வாசலில் ஜீப் நின்றது.

பொலிஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டரின் மேசையில் அவர்களுடைய இறுவட்டும், பக்கத்தில் அந்தப் பத்திரிகைக் கட்டுரையின் சிங்கள மொழிபெயர்ப்பும் கிடந்தன. இன்ஸ்பெக்டர் சத்தம் போடவில்லை. கதிரையைக் காட்டி உட்காரச் சொன்னார். அதுவே அவளுக்குக் கூடுதல் பயமாக இருந்தது.

"யார் வரப்போவது?" என்று சிங்களத்தில் கேட்டார். "வன்னியிலிருந்தா? இயக்கத்துத் தலைவனா?"

"பஸ் சேர்" என்றாள் அவளும் சிங்களத்தில். "எங்க தோட்டத்துக்குப் பஸ் ஒழுங்கா வராது. அதைத்தான் எழுதுனேன்."

"பேப்பரில் ஓர் ஆள் என்று இருக்கிறது."

"அது அவங்க நெனைச்சுக்கிட்டது."

இன்ஸ்பெக்டர் கதவுப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார். வந்தவர் நரை விழுந்த ஒரு முஸ்லிம் சார்ஜன்ட். அந்த நிலையத்தில் தமிழ் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். சார்ஜன்ட் பாட்டைப் போடச் சொல்லி, காதைச் சாய்த்துக் கேட்டார்.

புஷ்பராணி அவருடைய முகத்தையே பார்த்தாள். தமிழில் பஸ் வரும். பஸ் ஒருநாளும் 'வருவான்' ஆகாது. தமிழ் தெரிந்த சின்னப் பிள்ளைகூட அதைச் சொல்லிவிடும். பொய் சொன்னாள் என்று ஆகிவிட்டால் அடுத்த கேள்வி எங்கே வைத்துக் கேட்கப்படும் என்று அவளுக்குத் தெரியும்.

பாட்டு முடிந்தது. சார்ஜன்ட் இன்னொருமுறை போடச் சொன்னார். இரண்டாம் தடவை கேட்கும்போது அவர் இறுவட்டைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்கிறது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கடைசி பஸ் போயிட்டது. 'எனவா, எனவா' என்கிறாள் சேர். வேறொன்றும் இல்லை."

சிங்களப் பேச்சில் பஸ் வந்தாலும் 'எனவா'தான், ஆள் வந்தாலும் 'எனவா'தான். சார்ஜன்ட் அந்தச் சொல்லுக்குள் அவளை மெதுவாக ஒளித்து வைத்தார்.

"அப்போ இந்தப் பேப்பர்காரன்?"

"பேப்பர்காரங்களுக்கு எழுத எதாவது வேணுமே சேர்."

இன்ஸ்பெக்டர் மொழிபெயர்ப்பை மடித்து வைத்தார். கடைசியில், கேட்கிறவர்களுக்கு எல்லாம் பஸ் என்றே சொல்ல வேண்டும், மண்டபங்களுக்கு ஆள் அனுப்புவோம் என்று எச்சரித்து அனுப்பினார். விறாந்தை வரை கூட வந்த சார்ஜன்ட், முகத்தைத் திருப்பாமலே தமிழில் கேட்டார்.

"ஆரு புள்ள அது?"

அவள் வாசலைப் பார்த்தபடி சொன்னாள்.

"அண்ணன்."

அவர் தலையசைத்தார். "போங்க. நேரா வீட்ட போங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பிவிட்டார்.

அடுத்த நிகழ்ச்சிக்கு மண்டபம் நிரம்பி வழிந்தது. பாட்டுத் தொடங்குமுன் ஒரு மாணவன் எழுந்தான்.

"அக்கா, அந்த அவன் யாரெண்டு உங்கட வாயால சொல்லுங்கோ!"

கைதட்டல். பின்சுவரில் சாய்ந்து நின்ற ஒருவன் மட்டும் கைதட்டவில்லை.

"பஸ்ஸுங்க" என்றாள் புஷ்பராணி. "எங்க தோட்டத்து பஸ்."

முதலில் சிரித்தார்கள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று விளங்கியதும் சிரிப்பு அடங்கியது. முன்வரிசையில் இரண்டு பேர் எழுந்து போனார்கள். யாரோ 'கோழை' என்றார்கள். அவள் பாடினாள். ஒரு கையும் உயரவில்லை. அடுத்த ஞாயிறு அதே புனைபெயர்க்காரர், 'ஒரு பஸ்ஸுக்காகவா நாம் அழுதோம்?' என்று எழுதினார். அதற்குப் பிறகு இறுவட்டை வாங்க ஆளில்லை. வாங்கிய சிலர் திருப்பியும் கொடுத்தார்கள்.

யோகேந்திரன் அந்த வாரம் முழுக்க அவளோடு பேசவில்லை. கட்டுகஸ்தோட்டை அறையில் கிட்டாரைப் பெட்டியில் வைத்து மூடும்போதுதான் வெடித்தான்.

"உயிருக்குப் பயம் எண்டு எனக்கும் விளங்குது. ஆனா பஸ் எண்டு ஏன் சொன்னனீர்? வேற ஒண்டும் கிடைக்கேல்லையே? நீர் எழுதின பாட்டை நீரே கொன்றுபோட்டீர்."

"அது எங்க அண்ணன்" என்றாள் அவள்.

"கட்டார்ல இருக்கிற அண்ணனோ?"

"கட்டார்ல யாரும் இல்ல."

அவள் சுற்றிவளைப்பைச் சொன்னாள், வண்டியைச் சொன்னாள், அம்மாவின் கட்டார்க் கதையைச் சொன்னாள். ஜமால்தீன் டிரம்ஸ் மேல் வைத்த கையை எடுக்கவே இல்லை. யோகேந்திரன் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"இவ்வளவு நாளும் ஏன் எங்களிட்டச் சொல்லேல்லை?"

"நீங்க கேக்கலையே" என்றாள் புஷ்பராணி. "பாட்டுக்கு என்ன அர்த்தம்னு எல்லாரும் எனக்குத்தான் சொன்னாங்க. ஒரே ஒரு ஆளு கேட்டாரு. அவருக்குச் சொன்னேன். ஒரு தரம் வாய்விட்டுச் சொன்னப்புறம் என்னால கட்டாருன்னு சொல்ல முடியல."

பத்திரிகைக்கு உண்மையை எழுதுவோம் என்றான் யோகேந்திரன். அவள் வேண்டாம் என்றாள். எழுதினால் அடுத்த வாரம் லெட்சுமணனையும் யாரோ புகழ்வார்கள், யாரோ திட்டுவார்கள். அவளுக்கு அது தேவைப்படவில்லை.

தோட்டத்துக்குப் போய், அண்ணனைக் காணவில்லை என்று பதியப் போவதாக அம்மாவிடம் சொன்னாள். பாப்பம்மா அடிக்கக் கையோங்கினாள். பிறகு ஓங்கிய கையாலேயே மகளின் தலையைப் பிடித்துக்கொண்டு, "வேணாம்டி, ஒன்னையும் புடிச்சிட்டுப் போயிருவாங்க" என்று அழுதாள். அந்த அழுகையில் முதல் முறையாக மகனின் பெயரையும் சொன்னாள்.

அடுத்த திங்கட்கிழமை மூன்று பேரும் காணாமல் போனவர்களைப் பதியும் அலுவலகத்துக்குப் போனார்கள். முகப்பில் துப்பாக்கியோடு நின்றவன் மூன்று அடையாள அட்டைகளையும் வாங்கி வைத்துக்கொண்டான். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண், வந்த விஷயம் என்ன என்று கேட்டாள். புஷ்பராணி திரும்பிப் பார்த்தாள். இரண்டு பேரும் அவளுக்குப் பின்னாலேயே நின்றார்கள்.

"எங்க அண்ணன் பேரு லெட்சுமணன்" என்று தொடங்கினாள்.